விமானத் தாமதத்தை முன்கூட்டியே கணிக்க ஒரு வழி

நீங்கள் ஏறவிருக்கும் விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்; அறிவிப்புப் பலகை சொல்வதற்கு முன்பே தாமதம் தெரிந்துவிடும். விமானங்களின் நகர்வைக் காட்டும் செயலியில் உங்கள் பயண எண்ணைக் கொடுத்தால், அதற்கு ஒதுக்கப்பட்ட விமானத்தின் பதிவெண்ணும், அதைத் தொட்டால் அந்த விமானத்தின் முந்தைய பயணமும் தெரியும். அது வந்து சேரும் நேரத்துடன், ஒற்றை நடைபாதை உள்ள சிறிய விமானமானால் ஏறக்குறைய 45 நிமிடங்களையும், பெரிய விமானமானால் ஒன்றரை மணி நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்; உங்கள் விமானம் ஏறக்குறைய எப்போது புறப்படக்கூடும் என்பது தெரிந்துவிடும்.

ஒரே விமானம் ஒரு நாளில் பல பயணங்களுக்குப் பயன்படுவதால், காலையில் ஏற்பட்ட சிறு தாமதம்கூட மாலைவரை தொடர்ந்து வருகிறது. அமெரிக்காவில் தாமதக் காரணங்களைப் பதியும்போது, 'முந்தைய விமானம் தாமதமாக வந்தது' என்பதற்கே தனி வகை உண்டு. இணைப்பு விமானம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும், ஏனெனில் விமானத்துக்கு 40 நிமிடத் தாமதம் என்பது, இணைப்பைத் தவறவிட்ட பயணிக்குப் பல மணி நேரமாகிவிடும்.

இரவே வந்து நிற்கும் விமானத்தில் புறப்படும் அதிகாலைப் பயணத்துக்கும், சேருமிடத்து மூடுபனி, வான்வழி நெரிசல் போன்ற காரணங்களுக்கும் இக்கணிப்பு உதவாது. நிறுவனம் மாற்று விமானத்தை அனுப்பிவிடவும் கூடும் என்பதால், இதை நம்பி விமான நிலையத்துக்குப் பிந்திச் செல்லாதீர்கள்.