முதல் ஸ்டீரியோ ஸ்பீக்கர் ஜோடி: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

ஒரே ஸ்பீக்கர் கடையில் ஒரு மாதிரி கேட்கும், வீட்டுக்கு வந்ததும் வேறு மாதிரி கேட்கும். பெட்டியில் கோளாறு இல்லை. அறையும் சேர்ந்துதான் பாடுகிறது. அதிலும் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸ் ஒலியில் ஸ்பீக்கரின் விலையைவிட, அது நிற்கும் இடமும் நீங்கள் உட்காரும் இடமும்தான் அதிகம் பேசும். அதனால் இந்த விளக்கத்தில் வாங்குவது பற்றிக் கொஞ்சம், வைப்பது பற்றி நிறைய. இரண்டு ஸ்பீக்கர் கொண்ட ஸ்டீரியோவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கு மட்டுமான ஒரு சப்வூஃபரும்) வேண்டும் என்பவர்களும் முன்பக்க ஜோடியை இப்படிச் சரிசெய்துவிட்டு மேலே போவதே நல்லது.

படி 1: அறையை அளந்துகொள்ளுங்கள்

அறையின் நீள அகலம், ஸ்பீக்கரிலிருந்து காது வரை உள்ள தூரம் இரண்டையும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். மேசையில் 1 மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்பதற்கு 3 முதல் 4 அங்குல ஊஃபர் (பேஸைப் பாடும் பெரிய வட்டம்) போதும். 2 முதல் 2.5 மீட்டர் தூரத்துக்கு 5 அல்லது 6.5 அங்குல ஊஃபர் உள்ள, ஷெல்ஃபிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். 3.5 மீட்டருக்கு மேல் போனால் தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கரோ, புக்‌ஷெல்ஃபுடன் ஒரு சப்வூஃபரோ தேவைப்படும். சின்ன அறையில் பெரிய டவரை மூலையில் திணிப்பது பலரும் செய்யும் வேலை. பேஸ் குமுறும், குரல் அதில் முங்கிப்போகும்.

படி 2: ஆக்டிவ்வா, பாஸிவ்வா?

ஆக்டிவ் ஸ்பீக்கருக்குள்ளேயே ஆம்ப் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்) இருக்கும். கரண்ட், ஆடியோ கேபிள் இரண்டையும் செருகினால் வேலை முடிந்தது. பாஸிவ் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப் வேண்டும். வயரும் நீங்கள்தான் இழுக்க வேண்டும். பின்னால் ஆம்பையோ ஸ்பீக்கரையோ தனித்தனியாக மாற்றும் எண்ணம் இருந்தால் பாஸிவ். இல்லையென்றால், முதல் ஜோடிக்கு ஆக்டிவ்தான் எங்கள் சிபாரிசு. ஆம்பும் ஸ்பீக்கரும் பொருந்துமா என்ற கணக்கே அதில் கிடையாது.

படி 3: அட்டைப்பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது

பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் வரும் உச்ச சக்தி) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் வாட்ஸைக் கண்டுகொள்ளவே வேண்டாம். தொடர்ந்து கிடைக்கும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணைத் தேடுங்கள். அதைவிட முக்கியமானது சென்சிடிவிட்டி. 86 டெசிபல் என்றிருந்தால், 1 வாட் கொடுக்கும்போது 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். (8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பதும் இதே 1 வாட்தான்.) இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டால் பல குழப்பங்கள் தீரும். 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 8 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் சுமார் 3 கூடும். ஆக, ஸ்பீக்கருக்கு 1 வாட் வீதம் போனாலே உங்கள் காதில் ஏறத்தாழ 81 டெசிபல், அதாவது நல்ல சத்தம். அதை இரண்டு மடங்காகக் காது உணர வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ். 50 வாட் ஆம்பை 100 ஆக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். ஆகவே 88 டெசிபல் ஸ்பீக்கரும் 50 வாட்ஸும் சேர்ந்தால் வரும் சத்தமும், 85 டெசிபல் ஸ்பீக்கரும் 100 வாட்ஸும் சேர்ந்தால் வரும் சத்தமும் ஒன்றே. சாதாரண ஹாலுக்கு 40 முதல் 60 உண்மையான வாட்ஸ் தாராளம்.

அடுத்தது ஓம்ஸ், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. ஆம்பின் பின்பக்கத்தில் "குறைந்தபட்சம் 8" என்று போட்டிருந்தால் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். கரண்ட் அதிகம் இழுத்து ஆம்ப் சூடாகி, தானாக அணையும் ப்ரொடெக்‌ஷனுக்குப் போகும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டை ஒரே டெர்மினலில் இணையாக மாட்டினாலும் அது 4 ஓம்ஸ்தான் என்பதை மறந்துவிடக்கூடாது.

ஃப்ரீக்வென்ஸி வரிசையில் "±3 டெசிபல்" என்று சேர்த்துப் போட்டிருக்கிறார்களா பாருங்கள் (அந்த வரம்பு முழுவதும் சத்தம் 3 டெசிபலுக்கு மேல் கூடாது, குறையாது என்று பொருள்). அது இல்லாமல் "35 ஹெர்ட்ஸ் முதல்" என்று மட்டும் போட்டிருந்தால், அந்த 35 ஹெர்ட்ஸ் காதில் விழாத அளவுக்கு மெலிந்து வந்தாலும் அவர்கள் சொன்னது பொய்யாகாது.

கடையில் இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருப்பதுதான் காதுக்கு "நல்ல ஸ்பீக்கர்" போலத் தோன்றும். பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாம் ஆஃப். நன்றாகப் பழகிய பாட்டு ஒன்று, பின்னணி இசை குறைவான பேச்சுக் குரல் ஒன்று போதும். குரல் மூக்கடைத்தது போல் கேட்டால் அந்த ஜோடியை விட்டுவிடலாம்.

படி 4: வயரிங்

பாஸிவ் ஸ்பீக்கருக்குத் தேவையானவை: 1.5 சதுர மி.மீ. செம்பு ஸ்பீக்கர் வயர், வயர் உரிக்கும் கட்டர், விருப்பமிருந்தால் 4 மி.மீ. பனானா பிளக் எட்டு. 5 மீட்டர் தூரத்துக்கு இந்த வயர் போய்த் திரும்பும் வழியில் சுமார் 0.12 ஓம் தடை. 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இது பொருட்டே இல்லை. 10 மீட்டரைத் தாண்டினால் 2.5 சதுர மி.மீ. எடுங்கள். விலை மலிவு என்று அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் விற்கிறார்கள். அதன் தடை கூடுதல், வளைத்தால் எளிதில் ஒடியும். மறுபக்கம், மின்னும் உறை போட்டு விற்கும் ஆடம்பரக் கேபிளுக்குக் கொடுக்கும் பணத்தை ஸ்டாண்டுக்குக் கொடுத்தால் காதுக்கே வித்தியாசம் தெரியும்.

1. ஆம்பின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

2. வயரின் இரு முனையிலும் 10 முதல் 12 மி.மீ. உரித்து இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். கட்டர் அழுந்திச் சில இழைகள் அறுந்துவிட்டால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள்.

3. வயரின் ஒரு பக்கத்தில் சிவப்புக் கோடோ, எழுத்தோ, விரலால் தடவினால் தெரியும் மேடோ இருக்கும். அதை எப்போதும் பிளஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பின் சிவப்பிலிருந்து ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பிலிருந்து கறுப்புக்கு.

4. டெர்மினலை இறுக்கியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை வெளியே நீண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட்தான். பிறகு வயரை லேசாக இழுத்துப் பாருங்கள், கையோடு வரக்கூடாது. ரப்பர் உறையின் மேலேயே இறுக்கிவிட்டு "சத்தம் வரவில்லை" என்று ஸ்பீக்கரைத் திருப்பித் தருபவர்கள் உண்டு.

ஸ்பீக்கரின் பின்னால் நான்கு டெர்மினல் இருந்தால், மேலும் கீழும் இணைக்கும் சின்ன உலோகத் தகடுகளைக் கழற்றாதீர்கள். ஒரு ஜோடி வயர்தான் இழுத்திருக்கிறீர்கள் என்றால் அந்தத் தகடுகள் வழியாகத்தான் மறுபாதிக்கு சிக்னல் போகும். இடது, வலது கறுப்பு வயர்களை ஒன்றாகச் சேர்த்து வயரை மிச்சம் பிடிக்கவும் கூடாது. பல ஆம்ப்களில் கறுப்பு டெர்மினல் எர்த் அல்ல, ஆம்பே போய்விடும்.

டிவியை இணைப்பவர்கள் ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு) பயன்படுத்துங்கள். டிவியின் ஆடியோ அவுட்புட் அமைப்பை பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றாவிட்டால் பல ஸ்டீரியோ ஆம்ப்களில் ஊமைதான். டிவிக்கு ப்ளூடூத் வேண்டாம். உதடு அசைந்து முடிந்த பிறகு சொல் வரும்.

படி 5: பிளஸ், மைனஸ் மாறவில்லை என்று உறுதிசெய்வது

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயர் தலைகீழாக மாட்டப்பட்டால், ஒரு ஊஃபர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். ஒன்றின் பேஸை மற்றது அழித்துவிடும். பாட்டு வரும், எதுவும் எரியாது, ஆனால் பேஸ் சோகை பிடித்து, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. இதே நிலையில் வருடக்கணக்கில் ஓடும் அமைப்புகள் ஏராளம்.

போனின் ஆக்ஸசிபிலிட்டி அமைப்பில் "மோனோ ஆடியோ" இருக்கும். அதை ஆன் செய்து யாராவது பேசும் பதிவை ஓட்டுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், காற்றில் ஓர் ஆள் நின்று பேசுவது போல் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆம்பை அணைத்து ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றி மாட்டிக் கேளுங்கள். எதில் பேஸ் நிறைந்து குரல் நடுவில் நிற்கிறதோ அதுவே சரி. பாஸிவ் ஸ்பீக்கரில் கண்ணாலும் பார்க்கலாம். வயரின் ஆம்ப் முனையைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு வயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். ஊஃபர் வெளிப்பக்கம் துள்ள வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் இதைச் செய்ய வேண்டாம்.

படி 6: இடம் பார்ப்பது

இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். உதவிக்கு ஒருவர் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். ஸ்பீக்கர் இடைவெளி 2 மீட்டர் என்றால் உட்காரும் இடம் 2 முதல் 2.4 மீட்டர் தள்ளி. ட்வீட்டர் (உயர் சுருதிகளைப் பாடும் சின்ன வட்டம்) காது உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலோ அலமாரியின் உச்சியிலோ வைத்தால் உயர் சுருதிகள் மங்கும். ஷெல்ஃபில் வைப்பதென்றால் ஸ்பீக்கரின் முகம் பலகையின் விளிம்பு வரை வரட்டும். உள்ளே தள்ளினால் முன்னால் நீளும் பலகையில் பட்டுத் தெறித்துக் குரல் கலங்கும். இரண்டு ட்வீட்டரிலிருந்தும் தலை வரை உள்ள தூரம் 1 செ.மீ. வித்தியாசத்துக்குள் இருக்கும்படி டேப்பால் அளங்கள். ஒன்று கிட்டே இருந்தால் குரல் அந்தப் பக்கம் சாயும்.

பின்சுவரிலிருந்து 30 முதல் 50 செ.மீ. தள்ளி ஆரம்பியுங்கள். சுவருக்குக் கிட்டே போகப்போக பேஸ் கூடும், மூலைக்குப் போனால் இன்னும் கூடும். ஆனால் தள்ளி வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு மோதி ஒரு குறிப்பிட்ட சுருதியை விழுங்கிவிடும். ஊஃபரிலிருந்து சுவர் 1 மீட்டர் என்றால் அந்தப் பள்ளம் சுமார் 86 ஹெர்ட்ஸில், 50 செ.மீ. என்றால் சுமார் 172-இல் விழும். டிரம்ஸின் "தும்" பெரும்பாலும் முதல் பள்ளத்தின் அருகே இருப்பதால், சரியாக 1 மீட்டரில் வைத்தவர்கள் "பஞ்ச் இல்லை" என்று ஆம்பைக் குறை சொல்வார்கள். பக்கச் சுவர் தூரமும் பின்சுவர் தூரமும் ஒன்றாக அமைந்தால் பள்ளம் ஒரே இடத்தில் இரட்டிப்பாகும். ஒன்று 40 என்றால் மற்றது 65 என்பது போல் மாற்றி வையுங்கள். 5 செ.மீ. நகர்த்துவது, அதே பாட்டைக் கேட்பது, மறுபடி நகர்த்துவது: இதற்குக் குறுக்கு வழி இல்லை.

உங்கள் நாற்காலிக்கும் இதே கதைதான். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸில் ஒரு நிலை அலை (சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி ஒரே இடத்தில் நிற்பது போன்ற அலை) எழும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் அது காதில் விழாது, பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் காது அடைக்கும். சோஃபாவைச் சுவரிலிருந்து 40 செ.மீ. முன்னே இழுத்தாலே பேஸ் குமுறல் கணிசமாக அடங்கும். இழுக்க இடமில்லையென்றால் ஸ்பீக்கரின் பின்னால் உள்ள போர்ட் ஓட்டையில் கூடவே வரும் ஸ்பாஞ்ச் அடைப்பானைச் செருகிப் பாருங்கள்.

கடைசியாகத் திருப்பும் கோணம். முதலில் இரண்டையும் நேரே உங்கள் காதைப் பார்க்கும்படி திருப்புங்கள். ட்ரெபிள் குத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்புங்கள். நடுக்குரல் கலைய ஆரம்பித்தால் ஒரு படி திரும்பி வாருங்கள். பிடித்துப்போன இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள், பெருக்கித் துடைக்கும்போது நகர்ந்துவிடும்.

எதிரொலிக்கு: நீங்கள் கேட்கும் இடத்தில் உட்காருங்கள், உதவியாளர் பக்கச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் உங்களுக்கு ட்வீட்டர் தெரிகிறதோ அங்கே கனமான திரையோ புத்தக அலமாரியோ வையுங்கள். முன்னால் தரையில் ஒரு கம்பளம். முட்டை அட்டையை ஒட்டுவதால் சுவர் அசிங்கமாகுமே தவிர பேஸ் குறையாது.

சப்வூஃபர் இருந்தால்

அதை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து பேஸ் உள்ள பாட்டைப் போடுங்கள். சுவரோரமாகத் தவழ்ந்து போய், பேஸ் சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சப்பின் இடம் அதுதான். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், ஆனால் முறை இயற்பியல்படி சரி. கிராஸ்ஓவரை (சப்பும் ஸ்பீக்கரும் ஒலியைப் பிரித்துக்கொள்ளும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள், 4 அங்குல ஊஃபர் என்றால் 100. ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்துக் கேட்டு, பேஸ் கூடுதலாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள். சப் தனியாகப் பாடுவது தெரிந்தால் சத்தம் அதிகம், குறையுங்கள்.

கோளாறு வந்தால்

ஒரு பக்கம் ஊமை: ஆம்பை அணைத்து, ஆம்பின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றுங்கள். அதே ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தால் குற்றம் ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ. ஊமை மறுபக்கம் போனால் ஆம்பில் அல்லது அதற்கு முன்னால். அப்போது ஆம்புக்குள் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள்களை இடம் மாற்றி இன்னும் சுருக்கலாம்.

"ம்ம்ம்" என்ற ஹம்: இன்புட் கேபிள்களைக் கழற்றியதும் நின்றால் எர்த் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி ஹம் தருவது). எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுங்கள், லேப்டாப் சார்ஜரை உருவிப் பாருங்கள், டிவியின் கேபிள் வயரையும் கழற்றிப் பாருங்கள். எர்த் பின்னை வெட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

சத்தம் ஏற்றினால் கரகரப்பு: ஆம்ப் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அலையின் தலை வெட்டுப்பட்டு, அந்த வெட்டில் பிறக்கும் உயர் சுருதிகள் ட்வீட்டருக்குப் போய் அதன் காயிலைப் பொசுக்கும். சின்ன ஆம்பை முழுக்கத் திருகுபவர்களின் ட்வீட்டர்தான் பெரும்பாலும் முதலில் போகும். நாப் பாதியில்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வலுவான சிக்னல் வந்தால் பல ஆம்ப்கள் பாதித் திருகலிலேயே முழுச் சக்தியையும் கொடுத்துவிடும்.

ஏற்றினால் ஆம்ப் தானாக அணைகிறது: முதலில் டெர்மினலில் நீண்ட இழை, பிறகு ஓம்ஸ் பொருத்தம், பிறகு காற்றோட்டம். ஆம்பின் மேல் 10 செ.மீ. காலி இடம் வேண்டும், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் வைக்காதீர்கள்.