புதிய கற்பித்தல் முறை பலன் தருகிறதா? வகுப்பிலேயே அளக்கும் வழி

எந்த முறையில் நடத்தினாலும் பாடம் முடிந்ததும் மதிப்பெண் ஓரளவு ஏறத்தான் செய்யும். பழைய முறையில் நடத்தியிருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று தெரியாமல் புதிய முறைக்குப் பாராட்டு கொடுக்க முடியாது. ஆகவே ஒப்பிட இன்னொரு பிரிவு வேண்டும்: அதே ஆசிரியர், அதே பாடம், அதே எண்ணிக்கையில் பாடவேளைகள். மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். குழு விவாதத்தையும் காணொளியையும் ஒன்றாகப் புகுத்தினால் எது உதவியது என்று பிரிக்க முடியாது.

இரு பிரிவுகளுக்கும் பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. 15 முதல் 20 கேள்விகள் போதும். பெரும்பாலும் கோட்டை விடுவது வினாத்தாளில்தான். ‘3/4, 2/3: எது பெரியது?’ என்று கேட்டால், பெரிய எண்கள் உள்ள பின்னத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். 2/3, 3/5 என்று கேட்டால் அவர் மாட்டிக்கொள்வார். பின்தேர்வில் அதையே 3/4, 4/7 என்று மாற்றிக் கேளுங்கள்.

இரண்டு தேர்வையும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். இரு பிரிவுத் தாள்களையும் கலந்து, பெயரை மறைத்துத் திருத்துங்கள்.

ஒரு பிரிவின் சராசரி 40-இலிருந்து 70, மற்றதில் 55-இலிருந்து 75 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 30 ஏறியது, மற்றதில் 20 என்றால் முதல் பிரிவுக்குப் பெரிய வெற்றிபோலத் தெரியும். ஏறியதை, 100-ஐ எட்ட மீதமிருந்ததால் வகுத்தால் 30/60 = 0.5; 20/45 = 0.44. வித்தியாசம் கிட்டத்தட்ட கரைந்துவிட்டது. ரிச்சர்ட் ஹேக் 1998-இல் இயற்பியல் வகுப்புகளை இந்தக் கணக்கால்தான் ஒப்பிட்டார்: வழக்கமான விரிவுரைக்கு 0.23, மாணவர் பங்கேற்கும் வகுப்புகளுக்கு 0.48.

பிரிவுக்கு 30 பேர்தான் என்றால் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரும். அடுத்த பாடத்தில் பிரிவுகளை மாற்றி மறுபடி செய்யுங்கள். மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கிச் சோதிக்காதீர்கள். எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்கள் சராசரி கொஞ்சம் ஏறும். புதுமையின் உற்சாகம் வடிந்த பிறகு, நான்கைந்து வாரம் கழித்து, அறிவிக்காமல் ஒரு தேர்வு வையுங்கள்.

‘பிடித்திருந்ததா?’ என்ற கேள்வித்தாளைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், மதிப்பெண்ணுக்குப் பதிலாக அல்ல. 2019-இல் வெளியான ஹார்வர்டு இயற்பியல் வகுப்பு ஆய்வில், தாங்களே செய்து கற்றவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள்.