கடலோரத்தில் நெபுலா படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளியில் ஒளிரும் வாயு, தூசு மேகமான நெபுலாவைப் படமெடுக்கக் கற்றுத்தரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. வானம் சுழல்வதற்கேற்பக் கேமராவைத் திருப்பும் தாங்கியான மவுண்டின் அச்சை, துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்கவே அவை சொல்கின்றன. அங்கே அந்த நட்சத்திரம் வானில் நல்ல உயரத்தில் நிற்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் அது அடிவானத்திலிருந்து 12 பாகைதான். ஒரு தென்னை மரமோ பக்கத்து மாடியோ போதும், மறைந்துவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனாலும், வடக்கே புதுச்சேரியின் விளக்கொளி சரியாக அந்தப் பகுதியைத்தான் வெளுக்கச் செய்கிறது.

இதனால் வேறு ஏதோ ஒரு நட்சத்திரத்தைத் துருவம் என்று எண்ணியோ, கைப்பேசியின் திசைகாட்டியை நம்பியோ மவுண்டைத் திருப்பிவைத்துவிடுகிறார்கள். படத்தைக் கெடுக்கும் தவறுகளில் இதுவே பெரியது. துருவ நட்சத்திரம் தெரியாமலேயே மவுண்டைச் சரிசெய்யலாம். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையில் மேற்கு ஓரமாக உள்ள மின்டாகா ஏறத்தாழ வான நடுக்கோட்டின் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) மேலேயே இருக்கிறது. அது உச்சியை நெருங்கும்போது தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸின் குறுக்குக் கோட்டில் நிறுத்தி ஐந்து நிமிடம் கவனியுங்கள். தெற்கே நகர்ந்தால் மவுண்டின் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. அடுத்து, கிழக்கில் தாழ்வாக இருக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். கிழக்கு அடிவானம் முழுதாகத் திறந்து கிடப்பது நம் கரைக்குக் கிடைத்த வரம்.

நட்சத்திரங்களைப் பின்தொடரும் கருவியான டிராக்கர் இல்லாதவர்கள் 200 மி.மீ. லென்ஸில் இரண்டு விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்துவைத்தால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியையும் நம்பாதீர்கள். ரைகல் போன்ற ஒளிமிக்க நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் குவியுங்கள்.

பிறகு பனி. ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் அந்தக் கணமே மூடுபனி போட்டுக்கொள்ளும். காற்றுப் புகாத பையில் வைத்தபடி வெளியே அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். ஈரம் படிந்த லென்ஸைத் துணியால் துடைக்கவே கூடாது. கடற்காற்றின் உப்பும் நுண்மணலும் கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். பவர் பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டுவதே சரி.

ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி மிகப் பிரகாசமானது. எல்லாப் படங்களையும் நீண்ட நேரம் எடுத்தால் அங்கே நெருங்கியிருக்கும் டிரப்பீசியம் என்ற நட்சத்திரக் கூட்டம் வெள்ளைத் திட்டாகக் கரைந்துவிடும். ஐந்து விநாடிப் படங்கள் சிலவற்றையும் தனியே எடுத்து, பிறகு இணையுங்கள். சிவப்பு குறைவாக இருக்கிறதே என்று நிறத்தை மட்டும் ஏற்றுவதும் வீண். சாதாரணக் கேமராவின் வடிகட்டி, ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளியில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. கூடுதலாகப் படங்கள் எடுத்து ஒன்றாக இணைப்பதே வழி.

டிசம்பரில் ஓரியனுக்காகக் காத்திருந்து மழை மேகத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளவும் வேண்டாம். பிப்ரவரி நடுவில் இரவு எட்டு மணிக்கே அது உச்சிக்கு அருகில் இருக்கும். ஏப்ரல் நடுவில் ஒன்பது மணியைத் தாண்டியதும் கேமராவைத் தெற்கே திருப்புங்கள். ஐரோப்பாவில் அடிவானத்துக்கு மேலே வராத கரினா நெபுலா நமக்கு 18 பாகை உயரத்தில் கிடைக்கிறது.