நியூ இங்கிலாந்தில் குடியேறியவரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

1620க்கும் 1640க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 ஆங்கிலேயர்கள் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் குடியேறினார்கள். அவர்களில் ஒருவரது வம்சாவளியைத் தேடுகிறவர்கள் பலரும் எடுத்த எடுப்பிலேயே இங்கிலாந்துக்குத் தாவிவிடுகிறார்கள். அங்கே ஒரு தேவாலயப் பதிவேட்டில் அதே பெயர் அகப்பட்டதும் ஆள் கிடைத்துவிட்டதாக முடிவு கட்டுகிறார்கள். பெயர் பொருந்துவது வெறும் துப்பு, சான்று ஆகாது.

முதலில் அமெரிக்கப் பக்கத்தை முழுசாக முடியுங்கள். வம்சாவளி ஆய்வாளர் ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் 1988இல் தொடங்கிய கிரேட் மைக்ரேஷன் (பெருங்குடியேற்றம்) ஆய்வுத் திட்டத்தில், 1635 வரை வந்து சேர்ந்தவர்களின் விவரங்கள் மூல ஆவணங்களோடு தொகுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஆரம்பித்து, ஊர்ப் பதிவேடு, தேவாலய சபை உறுப்பினர் பட்டியல், நிலப் பத்திரம், உயில், நீதிமன்ற வாக்குமூலம் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். வாக்குமூலங்களில் வயது இருக்கும். ஆனால் 40, 50 என்று தோராயமாகச் சொன்னதாக இருக்கலாம், சில வருடம் முன்பின்னாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டவர், பக்கத்து நிலத்துக்காரர், மனைவியின் உறவினர் ஆகியோரின் பெயர்களையும் தவறாமல் குறித்து வையுங்கள். ஒரே வட்டாரத்து ஆட்கள் கூட்டமாகக் கப்பலேறுவது வழக்கமாக இருந்தது. உங்கள் ஆளின் ஊர் தெரியாவிட்டாலும் பக்கத்து நிலத்துக்காரரின் ஊர் வழி காட்டும்.

தேதி விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25. திருமணம் 1634 ஏப்ரல், குழந்தையின் ஞானஸ்நானம் 1634 பிப்ரவரி என்று இருந்தால், கல்யாணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளை என்று எண்ணத் தோன்றும். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1635. திருமணமாகிப் பத்து மாதம். இத்தகைய தேதிகளை 1634/35 என்றே எழுதுங்கள். அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோரான பியூரிட்டன்கள் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய பிரிவினர்) மாதங்களை எண்ணால் குறித்தார்கள்: முதல் மாதம் மார்ச், 12ஆம் மாதம் பிப்ரவரி.

இனி இங்கிலாந்து. தேவாலயப் பதிவேடுகள் 1538இல் தொடங்கின. ஆனால் பல ஊர்களில் ஆரம்ப காலத்து ஏடுகள் மிஞ்சவில்லை. அப்படியானால் 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பப்பட்ட நகல்களைத் தேடுங்கள். ஞானஸ்நானப் பதிவு ஒன்று பொருந்தினால், அதே ஊரின் அடக்கப் பதிவுகளை உடனே புரட்டுங்கள். அந்தக் குழந்தை சிறு வயதிலேயே இறந்திருக்கலாம். ஆள் கப்பலேறிய பிறகும் அந்தப் பெயருள்ளவருக்கு அங்கே பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தால், அநேகமாக அவர் வேறு ஆள். சுற்றுவட்டார ஊர்களிலும் இதே சோதனையைச் செய்யாமல் முடிவுக்கு வராதீர்கள்.

உறுதியான இணைப்பைப் பெரும்பாலும் உயில்தான் தரும். நியூ இங்கிலாந்தில் இருக்கும் மகனுக்கோ தங்கைக்கோ இவ்வளவு என்று எழுதிய ஒரே வரி போதும். கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தில் 1858 வரை பதிவான உயில்கள் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிறு சொத்துக்காரர்களின் உயில்களுக்கு அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தை நாடுங்கள். மாமனார், சித்தப்பா, பிள்ளையில்லாத அத்தை என எல்லோருடைய உயிலையும் படியுங்கள். உறவுமுறையை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்; மருமகன் (son-in-law) என்று எழுதப்பட்டவர் மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம்.

பழைய அச்சு வம்சாவளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். கஸ்டவ் அஞ்ஜூ என்பவர் பணம் வாங்கிக்கொண்டு போலிப் பரம்பரைகளைப் புனைந்து கொடுத்தார். அவை இன்றும் இணையத்தில் நகலெடுக்கப்பட்டு வருகின்றன. மூல ஆவணம் காட்டாத எந்தத் தலைமுறைக்கும் உங்கள் பட்டியலில் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.