பிதாகரஸ் தேற்றம்: கோட்டை விட்டுவிட்டு சதுரத்தைத் தொடுங்கள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் “ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் ஈக்குவல் டு சி ஸ்கொயர்” என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். “சரி, அந்த சி ஸ்கொயரைப் படத்தில் தொட்டுக் காட்டு” என்றால் விரல் நேராகக் கர்ணத்தில், அதாவது செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் நீண்ட பக்கத்தில், போய் நிற்கும். தொட வேண்டியது அந்தக் கோட்டை அல்ல, கோட்டின்மேல் எழும்பி நிற்கும் சதுரத்தை. அதனால்தான் சூத்திரத்தைப் பலகையில் எழுதும் முன்பே பரப்பளவை எண்ண வைத்துவிடுகிறேன்.

ஒரு செ.மீ கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து வலப்பக்கம் 3 கட்டம், மேலே 1 கட்டம் போய் அடுத்த புள்ளி வையுங்கள். பிறகு மேலே 3, இடப்பக்கம் 1. பிறகு இடப்பக்கம் 3, கீழே 1. நாலு புள்ளிகளையும் சேர்த்தால் கோணலாகத் திரும்பி நிற்கும் ஒரு சதுரம் வரும். அதன் கட்டங்களை நேரடியாக எண்ண முடியாது, எல்லாம் வெட்டுப்பட்டுக் கிடக்கும். சுற்றிலும் ஒரு நேரான சதுரம் போடுங்கள். அது 4-க்கு 4, மொத்தம் 16 கட்டம். மூலைக்கு ஒன்றாக நாலு முக்கோணங்கள் மிஞ்சும். ஒவ்வொன்றும் 3-க்கு 1 செவ்வகத்தில் பாதி, அதாவது ஒன்றரை. நாலும் சேர்ந்து 6. பதினாறில் ஆறு போனால் 10.

முக்கோணத்தின் சிறிய பக்கங்கள் 3, 1. அவற்றின் சதுரங்கள் 9, 1. கூட்டினால் அதே 10. பக்கத்தை ஸ்கேலால் அளந்தால் 3.1-க்கும் 3.2-க்கும் நடுவே இழுத்துக்கொண்டு நிற்கும், பரப்பளவோ சுத்தமான முழு எண். நீளத்தைவிடப் பரப்பு எளிது என்பதைப் பிள்ளை இங்கே தானே பார்த்துவிடும். 2, 1 வைத்தும் 3, 2 வைத்தும் போடச் சொல்லுங்கள். 5-ம் 13-ம் வரும்.

எல்லா அளவுக்கும் இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு அட்டை வேண்டும். 6 செ.மீ-க்கு 8 செ.மீ செவ்வகம் இரண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தில் அறுத்தால் ஒரே அளவில் நாலு முக்கோணங்கள் கிடைக்கும். ஒரு தாளில் 14 செ.மீ சதுரம் வரைந்து, முக்கோணங்களின் செங்கோணம் நாலு மூலையிலும் உட்காரும்படி வையுங்கள். ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு 6-ம் ஒரு 8-ம் வர வேண்டும். நடுவில் காலியிடம் திறக்கும். இப்போது முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் செவ்வகமாக்கி, எதிரெதிர் மூலைகளில் தள்ளுங்கள். காலியிடம் இரண்டாகப் பிரியும்: ஒன்று 6-க்கு 6, மற்றது 8-க்கு 8. அட்டையும் அதேதான், தாளும் அதேதான். அப்படியானால் காலியிடமும் மாறியிருக்க முடியாது. 196-லிருந்து 96 போக 100. 36-ம் 64-ம் சேர்ந்தாலும் 100.

இங்கே அவசரப்பட்டு அடுத்ததற்குப் போய்விடாதீர்கள். முதல் அமைப்பில் நடுவில் இருப்பது சதுரம்தான் என்று யார் சொன்னது? நாலு பக்கமும் சமம் என்பதால் மட்டும் ஆகாது, சாய்சதுரமாகவும் இருக்கலாமே. விளிம்பில் இரண்டு முக்கோணங்கள் சந்திக்கும் புள்ளியைப் பாருங்கள். அங்கே ஒன்றின் சிறிய கோணமும் மற்றதன் பெரிய குறுங்கோணமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 90 பாகை. நேர்கோட்டின் 180-ல் அது போனால் மீதி 90. இந்தக் கேள்வியை ஒரு பிள்ளை தானாகக் கேட்டுவிட்டால் அன்றைய பாடம் வெற்றி.

அதே நாலு துண்டுகளைக் கர்ணம் வெளிப்பக்கம் வரும்படி அடுக்கினால் 10 செ.மீ சதுரமும் நடுவில் 2 செ.மீ ஓட்டையும் வரும்: துண்டுகள் 96, ஓட்டை 4, சேர்ந்தால் அதே 100. இது 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் காட்டிய வழி. லண்டன்காரர் ஹென்றி பெரிகல் வேறு மாதிரி செய்தார். மூன்று பக்கங்களின் சதுரங்களில் நடுத்தரமானதை அதன் மையம் வழியாகக் கர்ணத்துக்கு இணையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என வெட்டினால் வரும் நாலு துண்டுகளும், வெட்டாத சின்னச் சதுரமும் கர்ணச் சதுரத்தை நிரப்பிவிடும். அவருடைய கல்லறையிலேயே அந்தப் படம் செதுக்கப்பட்டிருக்கிறது.

கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டி, 3 அடியும் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பதும் இதன் மறுபக்கம்தான். குறுக்களவு கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது.

போதையனார் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு தமிழ்ச் செய்யுள் பலருக்கும் தெரியும்: நீளத்தில் எட்டில் ஒன்றைத் தள்ளி, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். வர்க்கமூலம் இல்லாத அழகான குறுக்குவழி. 4, 3-க்கு 5 வரும், 12, 5-க்கு 13 வரும், இரண்டும் கச்சிதம். 8, 8-க்குப் போட்டால் 11 வருகிறது. அதன் சதுரம் 121. இரண்டு 64-ம் சேர்ந்தால் 128. ஏழு கட்டம் இடிக்கிறது. 15, 8-க்கு எத்தனை கட்டம் இடிக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.