தாடை மூட்டு ஆர்த்ரோஸ்கோப்பி: வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை

கோவையில் தாடை அறுவை சிகிச்சை வார்டில் நர்சாக இருக்கிறேன். தாடை மூட்டுக்குள் ஊசி விட்டுக் கழுவினாலும், மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்த்தாலும் (இதுதான் ஆர்த்ரோஸ்கோப்பி) அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கோபி, தாராபுரம் என்று தூரத்து ஊர்க்காரர்களுக்கு அதன் பிறகு பார்த்துக்கொள்வது வீட்டு ஆட்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காதுக்கு முன்னால் வீங்கியிருக்கும். கழுவிய சலைன் கொஞ்சம் சதைக்குள் கசிவதால் வருவது, ஓரிரு நாளில் வற்றிவிடும். வற்றிய வீக்கம் மறுபடி ஏறி, சிவந்து, காய்ச்சலும் வந்தால் கிருமி தொற்றியிருக்கலாம், உடனே காட்டுங்கள். தொண்டை அடைத்து விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அபூர்வம்தான், ஆனால் காத்திருக்கக் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது கண்ணுக்கு. முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் அந்த மூட்டை ஒட்டியே போகின்றன. புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு கண்ணையும் மெதுவாக மூடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இமைகள் முழுசாகச் சேர்கின்றனவா, இடையில் வெள்ளை விழி தெரிகிறதா? மரத்துப்போக ஊசி போட்டதால் முதல் சில மணி நேரம் இப்படி இருக்கலாம். மறுநாள் காலையிலும் மூடவில்லை என்றால் போன் செய்யுங்கள். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனால் அதுவரை கண் காய்ந்து கருவிழி புண்ணாகக் கூடாது. டாக்டர் எழுதித்தரும் சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள், இரவில் இமையை எப்படி ஒட்டுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி மாசம் பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கிற காற்றில் கண்ணாடி போடாமல் வெளியே விடாதீர்கள்.

காது அடைத்தது போல இருக்கிறது என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே நல்லெண்ணெய் காய்ச்சுவார்கள். தயவுசெய்து வேண்டாம். செவிப்பறையில் காயம் பட்டிருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். ரத்தம் கசிந்தாலோ, தலை சுற்றினாலோ, காது மந்தமானாலோ டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

மூட்டுக்குள் நீர் தேங்குவதால் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் சில நாள் சேராது. அழுத்திக் கடித்துச் சேர்க்கப் பார்க்காதீர்கள். அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழைய வேகவையுங்கள், பால் ஊற்றிய சந்தகையும் நல்லது. முறுக்கு, கரும்பு, நிலக்கடலை எல்லாம் டாக்டர் சொன்ன பிறகு பார்க்கலாம்.

வாய் திறக்கும் பயிற்சியைத்தான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். "வலிக்குதுங்க சிஸ்டர், ரெண்டு நாள் விட்டுட்டுச் செய்யலாங்களா?" என்பார்கள். விட்டால் உள்ளே சதை ஒட்டிக்கொண்டு மூட்டு மறுபடி இறுகிவிடும். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்யட்டும். தினமும் காலையில் மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ்ப்பல் விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளந்து காலண்டரில் குறியுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் பக்கம் திறக்கும். அளவு ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால், அடுத்த செக்கப் வரை தள்ளிப்போடாமல் அந்த எண்களைச் சொல்லியே டாக்டரிடம் பேசுங்கள்.