உளவியல் படிப்பு: மதுரைப் பெரியாஸ்பத்திரி ஓ.பி.யிலிருந்து கப்பலூர் ஷிப்ட் வரை

ஃபீஸ் கட்டும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. ஆகவே நேரடி வகுப்பில் மட்டும் சேருங்கள். அடுத்தது, எம்.எஸ்சி. முடித்தாலே மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பும், கவுன்சிலின் பதிவு எண்ணும் வேண்டும். எம்.பில். போய்ப் புதிய படிப்புகள் வரும் காலம் இது. சேரப்போகும் படிப்பு அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று கவுன்சிலின் தளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரி ஆபீசில் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

பயிற்சியில் முதலில் கைக்கு வர வேண்டியது கேஸ் ஹிஸ்டரி, அதாவது நோயாளியின் கதையைக் கேட்டு முறையாக எழுதுவது. பெரியாஸ்பத்திரிக்கு மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வருகிறவர் “மன அழுத்தம்” என்று சொல்ல மாட்டார். “நெஞ்சு படபடங்குது”, “தலை பாரமா இருக்கு”, “ராத்திரி ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துருது” என்பார். அதை அப்படியே மேற்கோளில் எழுதுங்கள். நீங்கள் “டிப்ரஷன்” என்று எழுதிவிட்டால், அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது அடுத்துப் படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். பிறகு எப்போது தொடங்கியது, தூக்கம், சாப்பாடு, வேலை எப்படி மாறின, குடிப்பழக்கம் உண்டா என்று கேளுங்கள். இதற்கு முன் கோயிலுக்கோ பூசாரியிடமோ போயிருந்தால், குரலில் குறை காட்டாமல் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தைராய்டு, ரத்தசோகை கூட இதே அசதியைத் தரும்; டாக்டர் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய்யுங்கள். கூட வந்த அம்மாவோ மச்சானோ எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்கள். அவர்களிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். நோயாளியிடமும் தனியாகப் பேசுங்கள்.

மனச்சோர்வை (டிப்ரஷன்) அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாள் கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிறது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள், நோய் உறுதி என்றல்ல. வாசித்துக் காட்டும்போது வார்த்தையை மாற்றாதீர்கள். மாற்றினால் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது. கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 1 வந்தாலும், மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டாரிடம் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் கொடுத்தனுப்புங்கள்.

புள்ளியியலைக் கண்டு ஓடுகிறவர்கள் வேலையிடத்தை ஆராயும் தொழில் உளவியலில்தான் வசமாகச் சிக்குகிறார்கள். மதுரையை அடுத்த கப்பலூர் ஆலையொன்றில் இரவு ஷிப்ட்காரர்கள் அதிகம் லீவு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காரணம் ஷிப்ட் என்று உடனே எழுதிவிடாதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களையே இரவில் போட்டிருக்கலாம். பணி அனுபவ வாரியாகப் பிரித்துப் பார்த்த பிறகே பேசுங்கள்.

தொழிலாளர்களுக்கான கேள்வித்தாளில் “சம்பளமும் சூப்பர்வைசரும் திருப்தியா?” என்று இரண்டைச் சேர்த்துக் கேட்டால், வரும் பதில் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. தாளைச் சூப்பர்வைசரே வாங்கிக்கொண்டால் எல்லாரும் “நல்லா இருக்கு” என்றுதான் டிக் அடிப்பார்கள். பூட்டிய பெட்டி வையுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள், ஆள் தெரிந்துவிடும். “இதை யார் எழுதினது?” என்று நிர்வாகம் கட்டாயம் கேட்கும். அதைச் சொல்ல மாட்டோம் என்பதற்கு நிர்வாகத்தின் சம்மதத்தைத் தாள் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.